ரயில் போகிற வரைக்கும்

பதினைந்து வருஷத்துக்கு முன்னால் நான் கோயில் பாடகர் குழுவான கொயரில் சேர்ந்தது பக்தியால் இல்லை, பார்க்கிங்கால். என் மனைவி ஜெரால்டின் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகிக் கிள்ளானுக்கு வந்த பிறகும் வெள்ளிக்கிழமை பாட்டுப் பயிற்சிக்குத் தன் பழைய கத்தோலிக்கக் கோயிலுக்குத்தான் போவாள். நான் காரில் கொண்டுபோய் விடுவேன். பிரிக்ஃபீல்ட்ஸில் கிடைத்த பார்க்கிங்கை விட்டுவிட்டு வெளியே போனால் அப்புறம் ஜென்மத்துக்கும் கிடைக்காது. அதனால் பயிற்சி முடியும்வரை மண்டபத்தின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நாசி லெமாக் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். என் பெயர் பாலன். கிள்ளானில் லோரி உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். பாட்டுக்கும் எனக்கும் அன்றுவரை ஏழாம் பொருத்தம்.

மூன்றாவது வாரம் கொயரை நடத்தும் சாந்தமேரி அக்கா கீபோர்டை நிறுத்திவிட்டு நேராக என்னைப் பார்த்தார்.

“அந்த வாயத் திறந்துதான சாப்பிடுறீங்க? அதே வாயத் திறந்து பாடுங்க. எனக்கு அடிக்குரலுக்கு ஆள் இல்ல.”

“அக்கா, நான் முருகன் கோயிலுக்குப் போறவன்.”

“நான் கேட்டது உங்க தொண்டைய. வாங்க லா.”

போனேன். அன்றைக்கு எழுந்து போனவன் இன்னும் உட்காரவில்லை. சாந்தமேரி அக்காவிடம் முடியாது என்று சொன்ன ஆளை நான் பார்த்ததில்லை. ஒரே ஒருவர் சொல்லிப் பார்த்தார். அவர் பிரான்சிலிருந்து வந்தவர். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

முதலில் அக்காவைத் தெரிந்துகொள்ளுங்கள். வயது அறுபத்திரண்டு. அப்பா வாலண்டைன் ரயில்வேயில் சிக்னல்மேன். ரயில்வே குவார்ட்டர்ஸில்தான் பிறப்பு, படிப்பு, சண்டை எல்லாம். பன்னிரண்டு வயதில் கோயில் ஹார்மோனியத்தில் கை வைத்தார். இருபது வயதில் ரயில் நிலையத்தில் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்தார். நாற்பது வருஷம் டிக்கெட் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றார். கவுண்டருக்கு முன்னால் நின்று அவசரப்படுத்துகிறவர்களிடம், “ரயில் வரட்டும், அப்புறம் ஓடுங்க” என்பாராம். கணவர் காலேப் மெதடிஸ்ட். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் ஒரு கோயிலுக்கும் இவர் ஒரு கோயிலுக்கும் போவார்கள். மத்தியானம் சாப்பாட்டு மேசையில் யார் கொயர் நன்றாகப் பாடியது என்று சண்டை போடுவார்கள். முப்பது வருஷமாக இந்தச் சண்டை ஓய்ந்தபாடில்லை.

அக்காவுக்கு யாரும் முறையாக இசை கற்றுக்கொடுக்கவில்லை. புத்தகம் வாங்கிப் படித்து, நாற்பத்தொரு வயதில் பள்ளிப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று பரீட்சை எழுதினார். எழுத்துப் பரீட்சையில் முதல் தடவையே பாஸ். வாசித்துக் காட்டும் பரீட்சையில்தான் இரண்டு தடவை கோட்டை விட்டார். பாதிப் பாட்டில் காரணமே இல்லாமல் கையை எடுத்துவிட்டு சும்மா உட்கார்ந்துவிட்டாராம். பரீட்சை நடத்தியவர் திகைத்துப்போனார். எங்களுக்குக் காரணம் தெரியும். கொஞ்சம் பொறுங்கள், சொல்கிறேன்.

பூசையில் முதல் வாசகம் முடிந்ததும் பதிலுரைப் பாடல் என்று ஒன்று உண்டு. வேதாகமத்திலுள்ள திருப்பாடலைக் கொயர் பாடும், சனங்கள் ஒரு வரியைத் திருப்பிப் பாடுவார்கள். ஒவ்வொரு ஞாயிறுக்கும் வேறு பாடல். மூன்று வருஷத்துக்கு ஒருமுறைதான் அதே பாடல் திரும்ப வரும். வரிகள் வேதத்தினுடையவை. மெட்டை யார் வேண்டுமானாலும் போடலாம். எங்கள் கோயிலில் அக்கா போட்டார். ஞாயிறுகளுக்கும் பெருநாள்களுக்கும் சேர்த்து நூற்று அறுபத்தெட்டு மெட்டுகள். ஆர்க்கெஸ்ட்ராக்காரர்கள் படிக்கிற கோடும் புள்ளியும் எங்களுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் டோ ரே மி என்பதன் முதல் எழுத்துகளைத் தமிழில் எழுதித் தருவார். அந்தத் தாள்களில் எங்கேயும் அவர் பெயர் இருக்காது. கோயிலுக்குப் போட்ட பாட்டுக்குப் பெயர் எதற்கு என்பது அவர் கட்சி.

இப்போது அந்தக் காரணம். எங்கள் சின்னக் கோயிலின் பின்சுவரை ஒட்டித்தான் தண்டவாளம் போகிறது. பத்தரைப் பூசையில் பதிலுரைப் பாடல் வரும் நேரத்துக்குச் சரியாக ஒரு ரயில் வரும். அது கடந்துபோகப் பதினோரு நொடி ஆகும். அந்தப் பதினோரு நொடியும் பக்கத்தில் இருப்பவர் கத்தினால்கூடக் கேட்காது. முன்பெல்லாம் ரயிலோடு போட்டி போட்டுக் கத்தித் தோற்றுப்போவார்களாம். சிக்னல்மேன் மகள் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். கீபோர்டுக்குப் பக்கத்து ஜன்னல் வழியாக சிக்னல் விளக்கு தெரியும். அது பச்சையாகும் வரை முன்னிசையை வாசித்துக்கொண்டே இருப்பார். பச்சையானதும் பாட்டு ஆரம்பிக்கும். நாற்பதாவது நொடியில் ஒரு வரி முடியும். அங்கே எல்லோரும் வாயை மூடிக்கொள்வோம். ரயில் போகும். அக்கா கையைத் தூக்குவார். மீதியைப் பாடுவோம். நூற்று அறுபத்தெட்டு மெட்டுகளிலும் அந்த இடம் உண்டு. தாளில் இரண்டு கோடு இழுத்து நடுவில் ‘ரயில்’ என்று எழுதியிருப்பார். பரீட்சையில் அவர் கையை எடுத்தது இந்தப் பழக்கத்தால்தான் என்று ஜெரால்டின் சத்தியம் செய்வாள்.

எங்கள் கொயரில் ஷான் என்று ஒருவன் பாடுகிறான். கல்யாண வீடியோ எடிட் செய்வது அவன் தொழில். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு எங்கள் பாட்டைப் படம்பிடித்து இணையத்தில் போட்டான். தொழில் சுத்தம் பாருங்கள், ரயில் சத்தத்தை முழுக்கத் துடைத்து எடுத்துவிட்டான். ஆனால் படத்தில் நாங்கள் வாயை மூடிக்கொண்டு நிற்கிறோமே, அதை வெட்ட முடியவில்லை. அந்தப் பதினோரு நொடி வெறும் மௌனமாக அப்படியே நின்றுவிட்டது. மெட்டு போட்டவர் பெயரைப் போடட்டுமா என்று அக்காவிடம் கேட்டிருக்கிறான். வழக்கமான பதில்தான் கிடைத்திருக்கிறது. அவனாக ‘பாரம்பரியத் தமிழ்ப் பாடல்’ என்று போட்டுவிட்டான். வீடியோவை நானூறு பேர் பார்த்தார்கள். அதில் ஒருவர் பஸ்தியான் மொரேல்.

மொரேல் பிரெஞ்சுக்காரர். இசையமைப்பாளர், ஆர்க்கெஸ்ட்ரா நடத்துபவர். சென்ற வருஷம் கோலாலம்பூரில் நடந்த ஓர் இசை விழாவுக்காக ‘நான்கு கரைகள்’ என்று ஒரு பெரிய படைப்பு எழுதியிருந்தார். நான்கு மொழிகளில் நான்கு கொயர்கள், கூடவே முழு ஆர்க்கெஸ்ட்ரா. கடைசிப் பகுதி தமிழில். அந்த வீடியோவில் கேட்ட மெட்டை வைத்துத்தான் அதைக் கட்டியிருந்தார். விழா அலுவலகத்தில் வேலை பார்த்த சந்திரகலா எங்களைத் தேடிப் பிடித்து, பாட முடியுமா என்று கேட்டாள். கொயரே தலைகால் புரியாமல் ஆடியது. பெண்கள் ஒரே நிறத்தில் சேலை எடுக்கக் கிளம்பிவிட்டார்கள்.

இசைத்தாளும் நிகழ்ச்சிப் புத்தகமும் ஒரு வெள்ளிக்கிழமை வந்தன. புத்தகத்தில் மொரேலின் வாழ்க்கைக்கு இரண்டு பக்கம், படத்தோடு. எந்த ஊரில் பிறந்தார், பாரிஸில் யாரிடம் படித்தார், எத்தனை ஆப்பெராக்கள் நடத்தினார், எத்தனை விருதுகள் வாங்கினார் எல்லாம் இருந்தன. கடைசிப் பகுதிக்கு ஒரே வரி. ‘மெட்டு: தமிழ் மரபு. இயற்றியவர் தெரியவில்லை.’

இயற்றியவர் தன் வாசிப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த வரியை இரண்டு தடவை படித்தார். பிறகு புத்தகத்தை மூடி, “சரி, முதல் பக்கத்துல இருந்து ஆரம்பிங்க” என்றார். ஷான் அன்றைக்குச் சுருதியே சேராமல் பாடினான்.

புதன்கிழமை சாயங்காலம் பட்டணத்து அரங்கத்தில் ஆர்க்கெஸ்ட்ராவோடு ஒத்திகை. மொரேல் உயரமானவர், ஒல்லியானவர், எங்களைப் பார்த்ததும் தலை குனிந்து வணக்கம் சொன்னார். மனுஷன் கைகாரர்தான். எங்கள் பாட்டுக்குக் கீழே அவர் வைத்திருந்த இசையைக் கேட்டபோது எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. அந்த ரயில் இடம் வந்தது. ஆர்க்கெஸ்ட்ரா, கொயர் எல்லாம் நின்றது. பதினோரு நொடி. பிறகு மொரேல் குச்சியைக் கீழே வைத்துவிட்டு ஆங்கிலத்தில் பேசினார்.

“இந்த மௌனத்துக்காகத்தான் நான் இந்தப் படைப்பையே எழுதினேன். நூற்றாண்டுகளாக ஒரு சமூகம் இங்கே மூச்சை அடக்கித் தன் முன்னோர்களைக் கேட்கிறது.”

எனக்குப் பக்கத்தில் நின்றவர் சிரிப்பை அடக்க இருமினார். அக்கா கையைத் தூக்கினார்.

“சார், அது ரயில்.”

கொயர் சிரித்தது. ஆர்க்கெஸ்ட்ரா சிரிக்கவில்லை. “அந்த மெட்டும் யாரு போட்டதுன்னு தெரியாத மெட்டு இல்ல சார். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னாடி நான் போட்டது” என்றார் அக்கா. கவுண்டரில் மீதிச் சில்லறை கொடுக்கிற குரல் அது.

இடைவேளை விட்டார்கள். சந்திரகலா ஓடி வந்தாள். “ஆன்டி, ப்ளீஸ் லா. உங்க கொயர் போட்ட வீடியோவுலயே பாரம்பரியப் பாட்டுன்னுதான இருக்கு. புக்கு எண்ணூறு அடிச்சாச்சு.”

“என்கிட்ட எழுதின தாள் இருக்கும்மா.”

“பழைய மெட்டக் கேட்டு எழுதி வச்சதுன்னு சொல்லலாமே ஆன்டி. பிரச்சினைன்னு வந்தா கடைசிப் பகுதியவே தூக்கிருவாங்க. உங்க கொயருக்கு மேடையே இருக்காது.”

மொரேல் மரியாதையாகத்தான் பேசினார். நாற்பது வருஷமாகப் பல நாடுகளில் பாட்டுத் தேடியிருப்பதாகவும், ஒவ்வொரு நல்ல பழைய பாட்டுக்கும் ஐந்து பேர் சொந்தம் கொண்டாடி வந்திருப்பதாகவும் சொன்னார். “மேடம், உங்களை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் வெறும் சொல்லை வைத்துப் பெயர் போட என்னால் முடியாது.”

“நியாயம்தான். கச்சேரி ஞாயிறு சாயங்காலம். காலைல பத்தரைப் பூசைக்கு எங்க கோயிலுக்கு வாங்க. ரயிலே வந்து சொல்லும்.”

திரும்பி வரும்போது அக்கா எங்கள் காரில் வந்தார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். “விடுங்கக்கா, பாட்டு நம்ம பாட்டுன்னு நமக்குத் தெரியும்ல? மேடை போயிரப் போகுது” என்றேன். ஜெரால்டின் என் தொடையில் கிள்ளினாள்.

“பாலன், ஒரு கியர்பாக்ஸப் பிரிச்சு நீங்களே சேர்க்குறீங்க. நீங்க பக்கத்துலயே நிக்கும்போது, இது யாரு செஞ்சதோ தெரியலன்னு லோரிக்காரன் சொல்றான். சும்மா இருப்பீங்களா?”

நான் கியரை மாற்றினேன்.

“கோயில்ல யாரும் என் பேரக் கேட்டதில்ல, நானும் போட்டதில்ல. அது எங்களுக்குள்ள. ஆனா நான் உசுரோட இங்க நின்னு பாடுறப்ப, தெரியாதுன்னு அச்சடிச்சா அது பொய். பொய்க்கு என்னால பாட முடியாது.”

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மொரேலும் சந்திரகலாவும் மூன்றாவது வரிசையில் வந்து உட்கார்ந்தார்கள். முதல் வாசகம் முடிந்தது. அக்கா முன்னிசையை வாசித்துக்கொண்டே ஜன்னலைப் பார்த்தார். சிக்னல் பச்சையானது. பாட ஆரம்பித்தோம். எங்களுக்கெல்லாம் உள்ளுக்குள் ஒரு கொண்டாட்டம். இதோ நாற்பதாவது நொடியில் வந்து இந்த மனுஷனை ஓர் உலுக்கு உலுக்கப் போகிறது என்று.

நாற்பதாவது நொடியில் வரி முடிந்தது. வாயை மூடினோம்.

ரயில் வரவில்லை.

அந்தக் கோயிலில் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதே இல்லை. மின்விசிறிச் சத்தம் கேட்டது. மனதுக்குள் எண்ணினேன். ஐந்து, ஆறு, ஏழு. மொரேல் நினைத்தபடியே, சுத்தமான மௌனம். நம் வாயாலேயே நாம் கெட்டோம் என்று நினைத்துக்கொண்டேன். அக்கா முகத்தில் ஒரு சலனமும் இல்லை. பதினோரு நொடி முடிந்ததும் கையைத் தூக்கினார். மீதியைப் பாடி முடித்தோம்.

வழியில் எங்கோ நின்றுவிட்ட ரயில் பத்து நிமிஷம் கழித்து, ஃபாதரின் பிரசங்கத்துக்கு நடுவில் வந்தது. பாவம், அவர் ஒரு சொல்லின் பாதியில் நின்றார். அது போகும்வரை காத்திருந்து மீதிப் பாதியைச் சொன்னார். மூன்றாவது வரிசையில் மொரேல் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பதைப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

பூசை முடிந்து முக்கிலிருந்த மாமாக் டீக்கடையில் தே தாரிக் குடிக்க உட்கார்ந்தபோதுதான் மொரேல் சொன்னார். பாட்டு நின்றதும் அவர் கண்ணை மூடவில்லை, சுற்றிப் பார்த்திருக்கிறார். கைக்குழந்தை வைத்திருந்த தாய்மார்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பிள்ளைகளின் காதுகளைப் பொத்தினார்களாம். ஃபாதர் தன் மைக்கைக் கையால் மூடினாராம். வாசலில் நின்ற பெரியவர் ஒருவர் ஆடாத ஜன்னல் கதவை ஆடாமல் பிடித்துக்கொண்டாராம். யாரும் யோசித்துச் செய்யவில்லை. வராத ரயிலுக்காக மொத்தக் கோயிலும் தயாராக நின்றது. பதினோரு நொடி முடிந்ததும் எல்லோரும் கையை எடுத்தார்கள்.

“ரயில் வந்திருந்தால்கூட நான், தற்செயலாக வந்தது என்று நினைத்திருப்பேன்” என்றார் மொரேல். “வராததால்தான் நம்பினேன்.”

அக்கா தன் மெட்டுத் தாள்கள் இருந்த ஃபைலை மேசையில் வைத்தார். மொரேலுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. ஆனால் ஒவ்வொரு தாளிலும் இரண்டு கோட்டுக்கு நடுவில் ஒரே சொல் இருப்பது தெரிந்தது. அது என்ன என்று கேட்டார். அக்கா சொன்னார். அப்புறம் அவர் ஒரு தாளையும் விடவில்லை. விரலை அந்தச் சொல்லில் வைத்து, அடுத்த தாள், அடுத்த தாள் என்று நூற்று அறுபத்தெட்டையும் திருப்பினார். தே ஆறி ஆடை படிந்தது.

பிறகு புத்தகத்தின் இரண்டு பக்கத்தில் இல்லாத ஒன்றைச் சொன்னார். அவருடைய அம்மா பிரான்சின் வடக்கே ஒரு சிற்றூரில் ரயில்வே கேட் சாத்துகிற வேலை பார்த்தவர். வீடு கேட்டை ஒட்டியே இருந்தது. சாப்பிடும்போது ரயில் வந்தால் அப்பா பேசிக்கொண்டிருந்த சொல்லை அப்படியே நிறுத்துவார். ரயில் போனதும் விட்ட இடத்திலிருந்து பேசுவார். கரண்டிகள்கூட அந்தரத்தில் நிற்கும். பதினெட்டு வயதில் பாரிஸுக்குப் படிக்கப் போன பிறகு அதை யாரிடமும் சொன்னதில்லையாம், வெட்கம். “இந்த மௌனம் எனக்கு ஏன் இவ்வளவு பிடித்தது என்று இப்போதுதான் தெரிகிறது. நானோ முன்னோர்கள் என்று கதை விட்டேன்” என்றார்.

“எங்கப்பா சிக்னல்மேன். உங்கம்மா ரயில்வே கேட் சாத்துறவங்க” என்றார் அக்கா. “அப்ப நீங்க சொன்னதுலயும் பாதி சரிதான்.”

சந்திரகலா மெல்ல இழுத்தாள். “சார், புக்கு எண்ணூறும் அடிச்சாச்சு...”

“அடித்தது அடித்ததாக இருக்கட்டும்” என்றார் மொரேல். “எனக்கு வாய் இருக்கிறது.”

சாயங்காலம் ஐந்து மணிக்குக் கச்சேரி. அரங்கம் நிறைந்திருந்தது. கோயிலிலிருந்து இரண்டு பஸ் நிறையச் சனம் வந்து பின்வரிசைகளில் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று பகுதிகள் முடிந்தன. கடைசிப் பகுதிக்கு முன்னால் மொரேல் குச்சியை வைத்துவிட்டு மைக்கைக் கேட்டு வாங்கினார்.

“உங்கள் கையிலிருக்கும் புத்தகத்தில் ஒரு பிழை இருக்கிறது. பிழை என்னுடையது. இந்த மெட்டை இயற்றியவர் தெரியவில்லை என்று அதில் இருக்கிறது. அவர் பெயர் சாந்தமேரி வாலண்டைன். பிரிக்ஃபீல்ட்ஸ்காரர். இசையமைப்பாளர், தன் கொயரை நாற்பது வருஷமாக நடத்துகிறவர். இங்கே இரண்டாவது வரிசையில், இடமிருந்து மூன்றாவதாக நிற்கிறார்.”

பெயரை அவர் பிரெஞ்சில் உருட்டித்தான் சொன்னார். ஆனாலும் அரங்கம் முழுக்கக் கேட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்வதற்கு என்ன வெட்கம். ஜெரால்டின் அப்பட்டமாக அழுதாள். அக்கா மட்டும் தலையை லேசாக ஆட்டிவிட்டு, எங்கள் பக்கம் திரும்பி, நேராக நில்லுங்கள் என்று கண்ணால் சொன்னார்.

பாடினோம். ரயில் இடம் வந்தது. ஆர்க்கெஸ்ட்ரா நின்றது, நாங்கள் நின்றோம். அப்போது மொரேல் ஒத்திகையில் செய்யாத ஒன்றைச் செய்தார். இரண்டு கைகளையும் கீழே தொங்கவிட்டு அக்காவைப் பார்த்தார். ரயில் போய்விட்டதா என்று அவருக்கு எப்படித் தெரியும்? அது அக்காவுக்குத்தான் தெரியும்.

அக்கா அவரைப் பார்க்கவில்லை. கோயிலாக இருந்தால் ஜன்னல் இருக்கும் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்வரிசையில் எங்கள் தாய்மார்கள் பிள்ளைகளின் காதுகளைப் பொத்தியிருப்பதை மேடையிலிருந்தே பார்த்தேன். பதினொன்று என்று எண்ணினேன். அக்கா அசையவில்லை. பன்னிரண்டு, பதின்மூன்று. வயலின்காரர்கள் வில்லை அந்தரத்தில் வைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஆயிரம் பேர் மூச்சுக் காட்டாமல் இருந்தார்கள். பதினெட்டு. பத்தொன்பதில் அக்கா தலையசைத்தார். மொரேல் கையைத் தூக்கினார்.

கைதட்டல் எல்லாம் ஓய்ந்து பஸ் ஏறப் போகும்போது கேட்டேன். “ஏன்க்கா பத்தொம்போது?”

“காலைல வராத ரயிலும் சேர்ந்து போச்சு லா” என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை பயிற்சிக்குப் போனோம். அந்த ஞாயிறின் பதிலுரைப் பாடலுக்கு அக்கா புதுத் தாள் எழுதிக் கொண்டுவந்திருந்தார். அதே எழுத்துகள், அதே இரண்டு கோடு, நடுவில் ‘ரயில்’. ஆனால் மேலே வலது மூலையில், இத்தனை வருஷமும் வெறுமையாக இருந்த இடத்தில், ‘இசை: வா. சாந்தமேரி’ என்று இருந்தது.

ஷான் தாளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். “கோயில் பாட்டுக்குப் பேரு எதுக்குன்னு நீங்கதான அக்கா சொல்வீங்க?”

“கடவுளுக்குத் தெரியும்னு விட்டுட்டேன் ஷான்” என்று சொல்லிக்கொண்டே அக்கா கீபோர்டின் முன் உட்கார்ந்தார். “அவரு யார்கிட்டயும் சொல்ல மாட்டேங்குறாரு. பாலன், சாப்பிட்டது போதும், எழுந்திரிங்க.”